தோள் உயரம்

செண்பகவல்லி தன் வாழ்க்கையில் முதன்முதலாக வாங்கிய பொசிஷன், வாங்கிய அன்று சாயங்காலமே அவள் பின்னால் ஃபோர்ட் வீதிகளில் நடந்து, ஹார்பர் லைன் ரயிலில் லேடீஸ் கம்பார்ட்மென்டில் ஏறி, வடாலாவில் ஏறிய பெண்கள் "யாரோடது இது, கொஞ்சம் உள்ள தள்ளும்மா" என்று முழங்காலால் இடித்ததையெல்லாம் பொறுத்துக்கொண்டு, செம்பூர் வரைக்கும் வந்து, சாந்தி சதன் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் அவர்கள் வீட்டு வாசலில், கழற்றிப் போட்ட செருப்புகளுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

ஒன்றை வாங்கிவிட்டு, இன்னும் விற்காமல் கையில் வைத்திருந்தால் அதற்குப் பொசிஷன் என்று அந்தத் தொழிலில் பெயர். அவள் வாங்கியது டாலர். டாலர் ஏறும், ரூபாய் விழும் என்பது அவள் கணிப்பு. வந்து படுத்திருந்தது ஆட்டுக்குட்டி அளவு இருந்தது. கன்றுக்குட்டியின் காது, கொம்பு இல்லை, நனைந்த சிமென்ட் நிறத்தில் தோல், வாசனை ஏதுமில்லை. யார் கிட்டே வந்தாலும் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் முகத்துக்குச் சற்றுப் பின்னால் யாரோ நிற்பதுபோல் அங்கே பார்த்தது.

கதவைத் திறந்த அப்பா உலகநாதன் டீ கிளாஸோடு நின்றார். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் ஷிப்ட் பார்த்துப் பார்த்து எதற்கும் அசையாதவர், கிளாஸ் சரிந்து டீ கையில் ஊற்றியது தெரியாமல் நின்றார்.

"ஏட்டி, என்னத்தக் கூட்டியாந்திருக்க?"

"என் பொசிஷன்ப்பா."

"ஆபீஸ்ல கட்டிப்போட மாட்டாங்களா?"

"அது பேங்க்ல. ஃபண்ட்ல இருந்தா வீட்டுக்கு வருமாம்."

அம்மா கோமதி ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "என்ன திங்கும்?"

அது எதுவும் தின்னாது என்று செண்பகவல்லிக்கும் அப்போது தெரியாது. வீட்டுக்கு வரும் என்பதையே அன்றைக்குச் சாயங்காலம், ரயில்வே பாலத்தின் படிகளில் தன் காலடிச் சத்தத்துக்குப் பின்னால் இன்னொரு காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்து, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் தெரிந்துகொண்டாள். கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் சம்பளத்தைச் சொன்னார்கள், போனஸைச் சொன்னார்கள், ஆபீஸில் காப்பி மெஷின் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதைக்கூடச் சொன்னார்கள். இதை மட்டும் சொல்லவில்லை.

பேங்க்கும் அவளைக் கூப்பிட்டிருந்தது. அவளோடு படித்த தூத்துக்குடிக்காரன் இருதயராஜையும் இரண்டு இடத்திலும் கூப்பிட்டிருந்தார்கள். பேங்க் டீலிங் ரூமில் சேர்ந்தால் முதல் ஆறு மாதம் மூத்த டீலருக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாருக்கும் மதியச் சாப்பாடு சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் போனைத் தொட விடுவார்கள். கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டு டாலர் என்ன விலை என்பார்கள். வாங்க ஒரு விலை, விற்க ஒரு விலை சொல்ல வேண்டும், இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சந்தில்தான் பேங்க்கின் சாப்பாடு. சாயங்காலம் கைவசம் மிஞ்சியதைக் கயிற்றில் கட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஹெட்ஜ் ஃபண்ட் என்பது பணக்காரர்கள் சிலருடைய பணத்தை வாங்கிப் பெருக்கித் தருவதாகச் சொல்லும் இடம், அங்கே பின்னால் நாற்காலி கிடையாது, சொல்லித் தர ஆள் கிடையாது, சேர்ந்த மறுநாளே கையில் பணத்தைக் கொடுத்து, உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்பார்கள்.

"நீ அடுத்தவன் மாட்டக் கூலிக்கு மேய்க்கப் போற இருதயம்" என்று கல்லூரிக் கேன்டீனில் அவள் சிரித்தாள்.

"மேய்ச்சிட்டு, சாயங்காலம் கட்டிப் போட்டுட்டு, வீட்ல போயி நிம்மதியா மீன்குழம்பு ஊத்தித் திம்பேன். உன்னுது உன்கூடப் பாய்ல வந்து படுக்கும், பாரு."

"படுக்கட்டுமே. என்னோடதுல்லா."

அவன் கேலி பேசுகிறான் என்றே நினைத்திருந்தாள்.

ஃபண்டில் அவளுக்கு மேலே இருந்தது மேகலா மேடம் மட்டும்தான். வாங்குவதற்கு முன், டாலர் ஏன் ஏறும் என்று செண்பகவல்லி சொன்ன காரணங்களையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, 'நான் நினைச்சது தப்பு'ன்னு எந்த இடத்துல ஒத்துக்குவ?" என்றாள். செண்பகவல்லி மறுபடி முதல் காரணத்திலிருந்து தொடங்கினாள். மேடம் எழுந்து வந்து தன் உள்ளங்கையை அவள் தோளின்மேல் வைத்து அழுத்தினாள். "இந்த மட்டம். இதுக்கு மேல அது வளர்ந்துச்சுன்னா வித்துடு. காரணம் தேடாத. இந்த ஆபீஸ்ல இருக்கற ஒரே சட்டம் இதுதான்."

"வளர்ந்தாவா மேடம்?"

"லாபம்னா சுருங்கும். கைக்குள்ள அடங்கற மாதிரி ஆனதும் பைல போட்டு எடுத்துட்டு வா. வளர்றதுதான் நஷ்டம்." இதையும் பேச்சுக்குச் சொல்கிறாள் என்றே வாங்கும்வரை அவள் நினைத்திருந்தாள்.

மறுநாள் காலை அப்பா அவளை உலுக்கி எழுப்பினார். "ஏட்டி செண்பா, எந்திரிச்சு வந்து பாரு. ஒரே ராத்திரியில எம்புட்டு வளந்துட்டு!" டாலர் கொஞ்சம் விழுந்திருந்தது. வாசலில் அது எழுந்து நின்றுகொண்டிருந்தது, அவள் முழங்காலைத் தாண்டி. அம்மா அதற்குள் அதன் நெற்றியில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, முன்னால் இரண்டு வாழைப்பழம் வைத்திருந்தாள். எதிர்வீட்டு லீலா டீச்சர், பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மலையாளத்துக்காரி, கைகூப்பிக்கொண்டு நின்றாள். செண்பகவல்லி வாயைத் திறந்தாள். இவர்கள் சந்தோஷம் அவளைத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் டாலர் நாளைக்கே திரும்பிவிடும், திரும்பினால் இது சுருங்கிவிடும், எதற்குக் காலங்காத்தாலே அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதில், திறந்த வாயைக் கொட்டாவி விட்டு மூடிக்கொண்டாள்.

குடியிருப்புக்காரர்களின் சங்கமான சொசைட்டிக்குச் செகரட்டரி வைத்தியலிங்கம், கஸ்டம்ஸில் இருந்தவர், எல்லாவற்றுக்கும் ஒரு விதி உண்டு என்று நம்புகிறவர். நாய்க்கு விதி இருந்தது, பூனைக்கு இருந்தது, மாடு கூடாது என்றும் இருந்தது, பொசிஷனுக்கு இல்லை. இல்லாததால் அதைச் சைக்கிள் கணக்கில் சேர்த்து மாதாந்திரக் கட்டணம் போட்டார். படிக்கட்டில் ஏற முடியாமல் அது கீழே பார்க்கிங்குக்குப் போனபோது ஸ்கூட்டர் கட்டணம், பிறகு கார் கட்டணம், அதற்குப் பிறகு டெம்போ கட்டணம். ஒவ்வொரு முறையும் உலகநாதன் முகம் மலரப் பில்லை வாங்கிக்கொண்டு போய்க் கட்டினார், பிள்ளைக்குப் பெரிய வகுப்பு ஃபீஸ் கட்டுகிறவர் மாதிரி.

முதலில் கேள்வி கேட்டவர்களும் கொஞ்ச நாளில் நிறுத்திவிட்டார்கள். கார்க்காரர்கள் ரிவர்ஸ் எடுக்கும்போது அதற்கும் ஒரு ஹார்ன் அடித்தார்கள். சிறுபிள்ளைகள் அதற்குக் குட்டி என்று பேர் வைத்தார்கள், அது லாரி அளவு ஆன பிறகும் அந்தப் பேரே நின்றது. மழைக்காலத்தில் அதன் விலா மேல் துணி காயப் போட்டால் சீக்கிரம் காய்ந்தது என்று கண்டுபிடித்து, வீட்டுக்கொரு நாளாக முறை வைத்துக்கொண்டார்கள். லீலா டீச்சர் தினமும் காலையில் அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்து முட்டுவலி போய்விட்டதாகச் சொல்ல, அடுத்த சொசைட்டிகளிலிருந்து முட்டுவலிக்காரர்கள் ஆட்டோ பிடித்து வந்தார்கள். காலையில் வைத்த வாழைப்பழத்தைச் சாயங்காலம் காணவில்லை என்பதால் அது சாப்பிடுகிறது என்று எல்லாரும் நம்பினார்கள். காகம் கொத்திக்கொண்டு போவதையும், மிச்சத்தை எலி இழுத்துப் போவதையும் பார்த்த வாட்ச்மேன்கூட, கேட்டால், "குட்டி தின்னுடுச்சு" என்றுதான் சொன்னான். தான் பார்த்ததைவிட எல்லாரும் சொல்வது அவனுக்கு மேலாகப் பட்டிருக்க வேண்டும்.

உலகநாதன் தினமும் காலையில் அதன் முதுகு மட்டத்துக்கு, பக்கத்துத் தூணில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டார். பிள்ளைகள் வளர்வதைச் சுவரில் கோடு போட்டுப் பார்ப்பார்களே, அதுபோல.

டாலர் விழுந்துகொண்டே இருந்தது. அந்தக் குடியிருப்பில் யாரிடம் கேட்டாலும், டாலர் எப்போதுமே ஏறத்தான் செய்யும் என்று சொல்லியிருப்பார்கள். பாதி வீட்டில் பிள்ளைகள் அமெரிக்காவில் இருந்தார்கள், அந்தப் பிள்ளைகள் போன நாளிலிருந்து டாலர் ஏறியே அவர்கள் பார்த்திருந்தார்கள். செண்பகவல்லியின் காரணங்களுக்கெல்லாம் அடியில் இருந்ததும் சாந்தி சதனின் இந்த நம்பிக்கைதான். அதைத் தன் மூளை என்று அவள் எண்ணியிருந்தாள்.

ஃபண்டிலிருந்து தினமும் சாயங்காலம் போனில் ஒரு கேள்வி வரும். தோளுக்குக் கீழேயா? ஒருநாள் காலை ஆபீஸுக்குக் கிளம்பி அதன் பக்கத்தில் நின்றபோது அதன் முதுகு தோளில் உரசியது. அவள் அன்றைக்கு மதியமே தாதருக்குப் போய்க் குதிகால் உயர்ந்த செருப்பு ஒரு ஜோடி வாங்கினாள். பிறகு இன்னும் உயர்ந்தது ஒரு ஜோடி. சாயங்காலம் பார்க்கிங்கில், அந்தச் செருப்பில், பளு தூக்குகிறவள்போல் மூச்சை இழுத்து நிமிர்ந்து நின்று பார்த்துவிட்டு, "கீழே" என்று பதில் அனுப்பினாள். செருப்பு போதாதபோது மாடிப்படியில் ஒவ்வொரு படியாக மேலே ஏறி நின்று பார்த்து அனுப்பினாள். பொய் இல்லை. அவள் ஒருநாளும் பொய் அனுப்பவில்லை.

"என்னட்டி, கொக்கு மாதிரி நடக்க?" என்றாள் கோமதி.

"ஆபீஸ்ல எல்லாரும் இப்படித்தாம்மா."

ஆவணி பிறந்தபோது குட்டியின் முதுகு பார்க்கிங்கின் மேல்தளத்தைத் தொட்டது. வெளியே கொண்டுபோனால் மழையில் நனையும் என்று பெண்கள் சொன்னார்கள். வைத்தியலிங்கம் சொசைட்டி மீட்டிங் கூட்டினார். அது நிற்கிற இடத்தில் ஒரு குழி தோண்டி இறக்கிவிட்டால் என்ன என்று அவரே சொல்ல, எல்லாரும் கை தூக்கினார்கள். லீலா டீச்சரின் மகன் மட்டும், கட்டட வேலை படித்தவன், "தூணுக்குப் பக்கத்துல தோண்டக் கூடாது அண்ணாச்சி, அஸ்திவாரம்" என்றான்.

"தம்பி, இந்தச் சொசைட்டிக்கு வந்த யோகம்யா அது. அஸ்திவாரமே இனிமே அதான்" என்றார் வைத்தியலிங்கம்.

கைதட்டல் கேட்டது. பின்வரிசையில் செண்பகவல்லி உட்கார்ந்திருந்தாள். தடுக்க வேண்டியவள் அவள்தான். ஆனால் அவள் மனம் வேறொன்றைக் கண்டுகொண்டது: குழியில் இறங்கினால், கரையில் நிற்கிற அவள் தோளுக்கு அது கீழே இருக்கும். அந்த எண்ணம் தனக்கு வந்ததைக் கண்டு அவள் திடுக்கிட்டாள். திடுக்கிட்டபடியே அவளும் கை தூக்கினாள்.

குழியில் இறங்கிய குட்டி மறுபடி வளர்ந்தது. உலகநாதன் பழைய வெள்ளைக் கோடுகளுக்குப் பக்கத்தில் செங்கல் துண்டால் சிவப்புக் கோடுகள் போட ஆரம்பித்தார். அது வளர வளரக் குழியை ஆழப்படுத்தினார்கள். இறங்க ஏணி வைத்தார்கள். அவள் கரையில் நின்று, பிறகு கரையில் ஒரு செங்கல்லை வைத்து அதன்மேல் நின்று, "கீழே" என்று அனுப்பினாள்.

மேகலா மேடத்தின் திரையில் நஷ்டம் ஒரு எண்ணாகத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. எண்ணும் பதிலும் எப்படிச் சேரும் என்று பார்த்துவர ஆள் அனுப்பினாள். ஒரு திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூட வேனுக்காகப் பிள்ளைகள் கேட்டில் நிற்கிற நேரத்தில், ஸ்கூட்டரில் வந்து இறங்கினான் சுதர்சன். யாருடைய பொசிஷன் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பதே அவன் வேலை. பாலக்காட்டுப் பக்கம், தமிழ் நன்றாகப் பேசுவான், குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. செண்பகவல்லி ஆபீஸுக்குக் கிளம்பி மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தவள், அவனைக் கண்டதும் கடைசிப் படியில் அப்படியே நின்றுவிட்டாள்.

உலகநாதன் முந்திக்கொண்டார்.

"வாங்க தம்பி, ஆபீஸ்லருந்தா? எங்க குட்டியப் பாக்க வந்தியளா? பாருங்க, நல்லாப் பாருங்க. வந்த அன்னைக்கு இன்னா, இம்புட்டுத்தான் இருந்திச்சு" என்று தரையருகே கையைக் காட்டினார்.

சுதர்சன் ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு தூணருகே போனான். கீழிருந்து ஒவ்வொரு கோடாக விரல் வைத்து மேலே போனான்.

"இது யார் சார் போட்டது?"

"எல்லாம் நான்தான் போடுதேன். ஒரு நாள் விட்டதில்ல."

"இங்க ஒரே தாவா ஏறியிருக்கே?"

"அன்னைக்குத்தான் தம்பி, டாலர் பலமா விழுந்துட்டுன்னு பேப்பர்ல போட்டிருந்தான். டாலர் எங்க விழுந்தா நமக்கென்ன, நம்ம பிள்ளையோடது பாரு, ஒரே ராத்திரியில எப்படி வந்திருக்குன்னு கோமதிட்ட சொன்னேன்."

செண்பகவல்லி அப்பாவைப் பார்த்தாள். அவர் முகத்தில் இருந்த பெருமை, அவள் பத்தாம் வகுப்பு மார்க்கை ஆலையில் எல்லாருக்கும் சொல்லி லட்டு கொடுத்த அன்றைக்கு இருந்த அதே பெருமை.

சுதர்சன் குழிக்குள் ஏணியில் இறங்கி, சிவப்புக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தவன் நின்றான்.

"இந்தக் கோடு?"

மயிர் கனத்தில், சாய்வாக, குழியின் அடியிலிருந்து கிளம்பி, சிவப்பையும் வெள்ளையையும் குறுக்கே வெட்டிக்கொண்டு மேல்தளம் வரைக்கும் அது போனது. உலகநாதன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். நிமிர்ந்து மேலே பார்த்தார்.

"அது நான் போட்டதில்ல."

குட்டி மூச்சு விட்டது. அதன் விலா தூணில் பட்டு விலகியது. படும்போது அந்தக் கோடு அகன்றது, விலகும்போது மூடிக்கொண்டது. கேட்டிலிருந்து ஓடி வந்து எட்டிப் பார்த்த பிள்ளைகள், தண்ணீர்க் குடத்தோடு நின்ற பெண், வாட்ச்மேன், வைத்தியலிங்கம், மாடியிலிருந்து இறங்கி வந்த கோமதி, எல்லாரும் அந்த மூச்சு இன்னொரு முறை வந்து போகும்வரை அசையாமல் நின்றார்கள். மேல்தளத்திலிருந்து காரை கொஞ்சம் உதிர்ந்து கோமதியின் தலையில் விழுந்தது. அவள் தட்டிவிடவில்லை.

"எல்லாரையும் கீழ வரச் சொல்லு!" என்று வைத்தியலிங்கம் வாட்ச்மேனைப் பார்த்துக் கத்தினார். பிறகு குழியைப் பார்த்து, கையெடுத்துக் கும்பிடுகிற மாதிரி, "கொஞ்சம் நகர்ந்துக்கோ குட்டி" என்றார்.

அது அவருக்குப் பின்னால் யாரையோ பார்த்தது.

"நகராது சார். வித்தா போயிடும்" என்றான் சுதர்சன்.

"விக்கவா? இவ்வளவு வளர்ந்ததையா? நாங்க எல்லாரும் சேந்து வளர்த்ததுய்யா!"

"அண்ணாச்சி" என்றாள் செண்பகவல்லி. அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "அது வளர்றது நஷ்டம். முதல் நாள்லருந்து வளர்ந்ததெல்லாம் நஷ்டம்."

யாருக்கும் புரிந்ததாகத் தெரியவில்லை. வைத்தியலிங்கம் அவளையும் அதையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, கோபமில்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போல் கேட்டார். "இவ்வளவு பெருசா இருக்கிற ஒண்ணு எப்படிம்மா நஷ்டமா இருக்கும்?"

மேலே எங்கோ ஒரு ஜன்னல் கண்ணாடி தானாக விரிசல் விட்டது. அவள் போனை எடுத்தாள். டாலரை மொத்தமாக விற்க வேண்டுமென்றால் பேங்க்கைத்தான் கூப்பிட வேண்டும். டீலிங் ரூமில் முதல் மணியிலேயே எடுத்தது இருதயராஜ். ஆறு மாதம் முடிந்து அன்றுதான் அவனைப் போனைத் தொட விட்டிருந்தார்கள்.

"இருதயம், டாலர் விக்கணும்."

"எவ்வளவு?"

"எல்லாம்."

வாயைப் பொத்திக்கொண்டு அவன் யாரிடமோ கத்துவது கேட்டது. பிறகு ஒரு விலை சொன்னான்.

"ஸ்கிரீன்ல வேற காட்டுதே."

"ஸ்கிரீன்ல காட்டுறது கைக்குட்டை சைஸுக்கு செண்பா. ஒன்னோடது தூண இடிக்கிற சைஸுன்னு ஒன் குரல்லயே தெரியுது."

"ஒரு பைசா ஏத்திச் சொல்லுடா. நான்டா."

"சாயங்காலத்துக்குள்ள நான் இதக் கட்டியாகணும்பிள்ள. வெல இதான். கொடுக்கியா, போன வைக்கட்டா?"

கல்லூரியில் தன் டிபன் பாக்ஸிலிருந்து அவளுக்கு வறுத்த நெத்திலியைத் தள்ளிவைத்த அதே குரல் அது. குரலில் ஒன்றும் மாறியிருக்கவில்லை. அதுதான் அவளை உறையவைத்தது. அந்தத் தொழிலில் விற்கிறவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.

"கொடுத்தேன்" என்றாள்.

சத்தம் ஏதும் வரவில்லை. ரத்தம் வரவில்லை. ஒருவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வருவதுபோல், தன் பருமனையெல்லாம் குழியிலேயே விட்டுவிட்டு, ஆட்டுக்குட்டி அளவாக, முதல் நாள் வாசலில் படுத்திருந்த அதே அளவாக, அது ஏணிப்படியில் ஏறி மேலே வந்தது. பிள்ளைகளின் புத்தகப் பைகளுக்கு நடுவே நுழைந்து, கேட்டைத் தாண்டி, ஸ்டேஷன் இருக்கிற திசையில் நடந்தது. "குட்டி" என்று கோமதி ஒருமுறை கூப்பிட்டாள். அது திரும்பவில்லை. அந்தப் பேருக்கு அது ஒருநாளும் திரும்பியதில்லை என்பது அப்போதுதான் அவர்களுக்கு நினைவு வந்தது.

சுதர்சன் கையை நீட்டினான். "உங்க ஐடி கார்டு." அவள் கழற்றிக் கொடுத்தாள். "மேடம் ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாங்க. எந்த நாள்ல அது தோளைத் தாண்டிச்சுன்னு."

"தெரியல."

அவன் தலையாட்டிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். "மொதல்ல பேங்க்ல சேர்ந்திருக்கலாம். அங்க கயிறு உண்டு."

மதியம் ஆட்கள் வந்து தூணைச் சுற்றி இரும்பு முட்டுகள் கொடுத்தார்கள். குட்டியை ஒருநாளும் பார்த்திராத அந்த ஆட்களும், அது நின்றிருந்த இடத்தின் குறுக்கே நடக்காமல் சுற்றிக்கொண்டே போய்வந்தார்கள். அது விட்டுப்போன பருமன் மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் அங்கே நின்றுகொண்டிருந்தது. துணி காயப் போட வந்த பெண் கையை நீட்டி, ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு சட்டையைப் போட்டாள். அது தரையில் விழுந்தது. குனிந்து எடுக்காமல் அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் இருதயராஜ் வந்தான். டீலிங் ரூமில் ஒரு ஆள் எடுக்கிறார்கள் என்று செண்பகவல்லியிடம் சொல்ல வந்தவனை, பார்க்கிங்கிலேயே எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். கோமதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் கையில் இரண்டு வாழைப்பழம் இருந்தது.

"ஏ தம்பி, எங்க குட்டி அங்கதான வந்திச்சு? எங்க கட்டியிருக்கிய?"

"எதும்மா?"

"காலையில செண்பா குடுத்தாளே."

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசிக்க வேண்டியிருந்தது. "அதுவா? அது மதியமே போயிடுச்சேம்மா. பிச்சுப் பிச்சுக் குடுத்தாச்சு. மருந்துக் கம்பெனிக்குக் கொஞ்சம், மெஷின் இறக்குறவங்களுக்குக் கொஞ்சம், பிள்ளைக்கு அமெரிக்காவுல ஃபீஸ் கட்டணும்னு வந்தவங்களுக்கு அப்படியே சில்லறையா. டாலர் மலிஞ்சிருக்கில்லா, நெறைய பேரு வந்தாங்க. யாரு எவருன்னு எனக்கு எங்க ஞாபகம் இருக்கும்?"

வைத்தியலிங்கத்தின் கை தன் சட்டைப் பையைத் தொட்டது. பேரனின் ஃபீஸுக்கு அவர் அன்றைக்குத்தான் பேங்க்குக்குப் போய் டாலர் வாங்கி வந்திருந்தார். பையில் எலிக்குஞ்சு அளவில் ஏதோ நெளிந்தது. அவர் அதைப் பொத்திக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் மாடிப்படி ஏறினார்.

ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். இருதயராஜ் "நாளைக்குக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனான். கோமதி வாழைப்பழத்தைக் குழியின் விளிம்பில் வைத்துவிட்டு மேலே போனாள். காகம் ஒன்று இறங்கி வந்து கொத்தியது. அன்றைக்குப் படியேறிக்கொண்டிருந்த எல்லாரும் நின்று அதைப் பார்த்தார்கள்.

உலகநாதன் மட்டும் முட்டுகளுக்கு நடுவே தூணருகில் நின்றார். மகளைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"செருப்பக் கழத்து."

அவள் கழற்றினாள். அவர் அவள் இரண்டு தோளையும் பிடித்து, முதுகு தூணில் ஒட்ட நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து சுண்ணக்கட்டியை எடுத்து, அவள் தோள் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டார்.

"தள்ளு."

அவள் விலகித் திரும்பிப் பார்த்தாள். தூணில் வெள்ளையாக மேல்தளம் வரைக்கும், பிறகு சிவப்பாக மறுபடி குழிக்குள்ளிருந்து மேலே, அத்தனை நாள் காலைகளும் அடுக்கியிருந்தன. புதிய கோடு எங்கோ நடுவில் விழுந்திருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். வெள்ளைக் கோடுகளில் அது அடியில் கிடந்தது, அதற்குக் கீழே நான்கோ ஐந்தோ கோடுகள்தான் இருந்தன. அதற்கு மேலே இருந்ததெல்லாம் அவள் செருப்பு, அவள் ஏறிய படி, அவள் செங்கல், அவர்கள் தோண்டிய குழி.

உலகநாதன் புதிய கோட்டில் ஒரு விரலை வைத்தார். அதற்கு அடுத்த கோட்டில் இன்னொரு விரலை வைத்தார். பிறகு கையை எடுத்து மேலே பார்த்துக்கொண்டே போய், கழுத்து பின்னால் சாயும்வரை பார்த்து, அங்கேயே நின்றார்.

"இவ்வளவும் நீ பாத்துக்கிட்டா இருந்த?" என்றார்.

அவள் வெறுங்காலில், சிமென்ட் தரை சில்லென்று ஏற, அப்பாவைவிட இவ்வளவு குள்ளமாகத் தான் எப்போது ஆனோம் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.